எதிரே நிற்பவரைச் சும்மா விடாத கலை: பரோக் ஓர் எளிய அறிமுகம்

தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதையை இத்தாலியச் சிற்பிகள் பலமுறை செதுக்கியிருக்கிறார்கள். ஃபுளோரன்ஸில் மைக்கலாஞ்சலோ 1504-இல் முடித்த தாவீது ஐந்து மீட்டருக்கும் மேல் உயரமானவன். சண்டை இன்னும் தொடங்கவில்லை. கவணைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு காலில் உடலின் பாரத்தைச் சாய்த்து, தூரத்தில் எதையோ பார்க்கிறான். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1624-இல், ஜான் லொரென்சோ பெர்னினி என்ற இளைஞர் ரோமில் இன்னொரு தாவீதைச் செதுக்கி முடித்தார். இவன் ஆள் உயரம்தான். இடுப்பு முறுக்கிக்கொண்டிருக்கிறது, உதட்டைக் கடித்திருக்கிறான், கவண்கல் அடுத்த நொடி பறக்கப்போகிறது. கோலியாத்து எங்கே? சிலையில் இல்லை. அவன் நிற்கவேண்டிய இடத்தில், பார்க்க வந்த நீங்கள் நிற்கிறீர்கள்.

ஐரோப்பாவில் ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை நீடித்த பரோக் கலையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சிலையே நல்ல வாசல். பரோக் என்றதும் பொன்முலாம், சுருண்டேறும் தூண்கள், கொழுகொழுவென்ற குழந்தைத் தேவதூதர்கள் என்று ஓர் அலங்காரக் குவியல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அலங்காரம் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அங்கிருந்து தொடங்கினால் காரவாஜியோவின் வெற்று இருட்டையும், ரெம்பிராண்ட் வரைந்த முதிய முகங்களையும், பாக் தனி வயலினுக்கு எழுதிய இசையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விடும். எதிரே நிற்பவரின் உள்ளத்தை அசைத்தே தீரவேண்டும் என்ற பிடிவாதத்திலிருந்து தொடங்குங்கள். ஓவியம், சிற்பம், கட்டடம், இசை எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரியும்.

பிடிவாதம் எங்கிருந்து வந்தது

1517-இல் மார்ட்டின் லூதர் தொடங்கிவைத்த எதிர்ப்பு சில பத்தாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவின் கிறிஸ்தவத்தை இரண்டாகப் பிளந்தது. சீர்திருத்தவாதிகளில் ஒரு பகுதியினர் தேவாலயப் படங்களையும் சிலைகளையும் உருவ வழிபாடு என்று வெறுத்தார்கள். 1566-இல் நெதர்லாந்துப் பகுதி முழுவதும் கூட்டம் கூட்டமாக மக்கள் தேவாலயங்களுக்குள் புகுந்து அவற்றை உடைத்தார்கள். ஆண்ட்வெர்ப் பேராலயமும் தப்பவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு நேர் எதிரான முடிவை எடுத்தது. 1545-இல் கூடிய திரெந்து பொதுச்சங்கம், 1563 டிசம்பரில் நடந்த கடைசி அமர்வில், புனிதர்களின் படங்கள் தேவை என்றே அறிவித்தது. அவை எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கற்பிக்கவேண்டும், பக்தியைத் தூண்டவேண்டும். அதே காலத்தில் வளர்ந்த இயேசு சபை இன்னொன்றையும் சேர்த்தது. அதன் நிறுவனர் இஞ்ஞாசியார் வகுத்த தியானப் பயிற்சியில், நரகத்தைப் பற்றிச் சிந்திப்பவர் அதன் நெருப்பைக் கண்ணால் காணவேண்டும், அலறலைக் கேட்கவேண்டும், புகையை முகரவேண்டும், கண்ணீரைச் சுவைக்கவேண்டும், சூட்டைத் தொட்டு உணரவேண்டும். ஐம்புலன்களின் வழியே நம்பிக்கைக்குள் போகும் பாதை இது. பெர்னினியும் இந்தப் பயிற்சியை மதித்தவர்.

இதை வெறும் பிரசாரம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். வேலை கொடுத்தவர்களின் நோக்கம் பிரசாரமாக இருக்கலாம். செய்தவர்களின் கையில் அது மனிதனைப் பற்றிய ஆராய்ச்சியாக மாறிவிட்டது. ஒரு முகத்தில் வலியும் மகிழ்ச்சியும் ஒன்றாக எப்படித் தோன்றும், அழப்போகிறவளின் குரல் எந்த ஸ்வரத்தில் தடுமாறும் என்பதையெல்லாம் இவ்வளவு பொறுமையாக அதற்கு முன் யாரும் ஆராய்ந்ததில்லை.

இருட்டில் ஒரு வெளிச்சம்

ரோமில் சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி என்ற தேவாலயத்தின் சிற்றாலயம் ஒன்றில், காரவாஜியோ 1600-இல் முடித்த 'புனித மத்தேயுவின் அழைப்பு' எந்த இடத்துக்காக வரையப்பட்டதோ இன்றும் அங்கேயே இருக்கிறது. வரி வசூலிக்கும் மத்தேயு தன் ஆட்களோடு மேசையைச் சுற்றி அமர்ந்து காசு எண்ணிக்கொண்டிருக்கிறார். உடைகள் விவிலியக் காலத்தவை அல்ல, காரவாஜியோவின் ரோமில் இளைஞர்கள் போட்டுத் திரிந்தவை. வலப்பக்கம் இருட்டிலிருந்து இயேசு கை நீட்டுகிறார். அவர் தலைக்கு மேலிருந்து சாய்வாக விழும் வெளிச்சம் அந்த முகங்களில் மட்டும் படுகிறது. பின்னணியில் மலையோ மாளிகையோ கிடையாது; ஒரு சுவர், ஒரு ஜன்னல், மற்றபடி இருட்டு. கண் வேறெங்கும் போக வழியில்லை.

முந்தைய மறுமலர்ச்சி ஓவியங்களில் வெளிச்சம் பெரும்பாலும் எல்லோர்மீதும் சமமாகப் பரவியிருக்கும். காரவாஜியோ அதைக் கதை சொல்லும் கருவியாக்கினார். யாரை இருட்டில் விடுவது, யாருடைய தோளில் நிறுத்துவது என்பதே அவர் ஓவியத்தின் இலக்கணம். தெருவில் கண்ட மனிதர்களையே அவர் புனிதர்களாக வரைந்தார். மரியாவின் மரணத்தை அவர் வரைந்தபோது, வீங்கிய உடலும் வெறுங்காலுமாகக் கிடந்த அந்தப் பெண்ணைக் கண்டு துறவியர் படத்தையே ஏற்க மறுத்தார்கள். அப்போது இத்தாலியில் இருந்த பிளெமிய ஓவியர் ரூபன்ஸ் அதன் அருமையை அறிந்து மாந்துவா கோமகனை வாங்கச் சொன்னார். இப்போது அது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1606-இல் ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பியோடிய காரவாஜியோ 1610-இல் இறந்தார். அவர் வழி நிற்கவில்லை. ஆர்டெமிசியா ஜென்டிலெஸ்கி என்ற பெண் ஓவியர் அதே வெளிச்சத்தைக் கொண்டு, படைத்தலைவன் ஒலோபெரினின் கழுத்தை யூதித்து அறுக்கும் காட்சியை வரைந்தார். அதில் யூதித்தின் முன்னங்கையைப் பாருங்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு, முழு பலத்தையும் போட்டு, கடினமான ஒரு வேலையைச் செய்யும் கை அது. அந்தக் கதையை வரைந்த ஆண்களில் பலர் அவளை நாசூக்காகக் கத்தி பிடிக்கும் அழகியாகவே காட்டியிருந்தார்கள்.

ஒளித்துவைத்த ஜன்னல்

பெர்னினியிடம் திரும்புவோம். அவருடைய உச்சம் என்று நான் கருதுவது ரோமின் சாந்தா மரியா தெல்லா விக்டோரியா தேவாலயத்தில் 1647-க்கும் 1652-க்கும் இடையே அவர் அமைத்த கொர்னாரோ சிற்றாலயம். ஒரு வானதூதர் நெருப்பு நுனி கொண்ட பொன் ஈட்டியால் தன் இதயத்தைத் துளைத்ததாகவும், தாங்கமுடியாத வலியும் தாங்கமுடியாத இனிமையும் ஒன்றாக இருந்ததாகவும் ஸ்பெயினின் அவிலா நகரத் துறவி தெரேசா தன் வரலாற்றில் எழுதியிருந்தார். பெர்னினி அந்த நொடியைப் பளிங்கில் செய்தார். தெரேசா மேகத்தின்மீது சாய்ந்து கிடக்கிறார், உதடுகள் பிரிந்திருக்கின்றன. முகத்தைவிட அவர் அணிந்திருக்கும் அங்கியின் மடிப்புகளே அதிகம் பேசுகின்றன. உள்ளே நடக்கும் கொந்தளிப்பு முழுவதும் துணியில் வெளிப்பட்டுவிட்டது.

சிலைக்கு மேலே, நம் கண்ணுக்குத் தெரியாதபடி, மஞ்சள் கண்ணாடி பதித்த ஒரு ஜன்னலை அவர் ஒளித்துவைத்தார். பகல் வெளிச்சம் அதன் வழியே இறங்கி, பொன்முலாம் பூசிய கம்பிக் கதிர்கள்மீது வழிந்து, சிலையை நனைக்கிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாததால் அது வானத்திலிருந்து வருவதாகவே தோன்றும். இரு பக்கச் சுவர்களிலும் நாடக அரங்கின் மாடம்போல அமைத்து, செலவு செய்த கொர்னாரோ குடும்பத்தாரின் உருவங்களை அதில் உட்காரவைத்தார். சிற்பம், கட்டடம், ஓவியம், வெளிச்சம் நான்கும் சேர்ந்து ஒரே காட்சியாகின்றன. பரோக் கலைஞர்களின் பெரிய சாதனை இந்தச் சேர்க்கைதான். உணர்ச்சி பொங்குவதாகத் தோன்றும் ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால் கணக்கான ஒரு ஏற்பாடு இருக்கிறது.

அதே கணக்கை விதானத்தில் காட்டியவர் அந்திரேயா போட்சோ என்ற இயேசு சபைச் சகோதரர். ரோமின் சாந்த் இஞ்ஞாசியோ தேவாலயத்தில் குவிமாடம் கட்டப்படவில்லை. 1685-இல் அவர் ஒரு தட்டையான துணியில் குவிமாடத்தை வரைந்து அந்த இடத்தை மூடினார். பிறகு விதானம் முழுவதும் தூண்களும் வளைவுகளும் மேலே மேலே போய் வானத்தில் திறப்பதுபோல வரைந்தார். எந்த இடத்தில் நின்று பார்த்தால் இவை நிஜமாகத் தெரியும் என்பதைத் தரையில் பதித்த வட்டக்கல் காட்டும். நாலடி நகர்ந்தால் தூண்கள் சாயத் தொடங்கிவிடும்.

பீடம் இல்லாத பரோக்

டச்சுக் குடியரசில் நிலைமை வேறு. சீர்திருத்த சபையின் தேவாலயங்களில் ஓவியத்துக்கு இடமில்லை, ஓவியர்களை வாழவைக்க அரசவை என்று பெரிதாக எதுவும் இல்லை. வாங்கியவர்கள் வணிகர்கள், நகரத்தார், சங்கங்கள். ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த 'இரவுக் காவல்' உண்மையில் நகரக் காவல் படையினர் பணம் போட்டு வரையச் சொன்ன குழுப் படம். அதுவரை அப்படிப்பட்ட படங்களில் பெரும்பாலும் எல்லோரும் வரிசையாக இருப்பார்கள். ரெம்பிராண்ட் அவர்களைக் கிளம்பிப் போகும் கூட்டமாக்கினார்; தலைவரின் கை படத்தைவிட்டு வெளியே நீள்வதுபோல இருக்கிறது. காரவாஜியோவின் வெளிச்சம் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இங்கே வேறு வேலைக்கு வந்திருக்கிறது. பிற்காலத்தில் அவர் தன் முதுமையைத் தானே வரைந்த படங்களில் கோலாகலம் எதுவுமில்லை. ஆனாலும் பார்ப்பவரை அவை விடுவதில்லை.

பிரான்ஸில் இதே கருவிகள் அரசனின் பெருமைக்குப் பயன்பட்டன. பதினான்காம் லூயி 1682-இல் அரசவையை வெர்சாய்க்கு மாற்றினான். அங்குள்ள கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளம். 17 ஜன்னல்களுக்கு எதிரே 357 கண்ணாடிகள். உள்ளே நுழைகிறவர் தன்னைச் சிறியவராக உணரவேண்டும் என்பதே நோக்கம். எனக்கு வெர்சாய் பிரமிப்பைத் தருகிறது, நெஞ்சைத் தொடுவதில்லை.

சொல் காதில் விழவேண்டும்

இசையில் இந்தத் திருப்பம் ஒரு குறைபாட்டைச் சொல்வதிலிருந்து தொடங்கியது. 16-ஆம் நூற்றாண்டு இசையில் நான்கு, ஐந்து, ஆறு குரல்கள் வெவ்வேறு மெட்டில் ஒரே நேரத்தில் பின்னிப் பாடும். கேட்க அழகு. ஆனால் ஒரு குரல் வாக்கியத்தின் தொடக்கத்தில் இருக்கும்போது இன்னொன்று முடிவில் இருக்கும், சொல் புரியாது. ஃபுளோரன்ஸில் பார்தி பிரபுவின் வீட்டில் கூடிய கவிஞர்களும் இசைஞர்களும் இதைப் பற்றி விவாதித்தார்கள். அவர்களில் ஒருவரான வின்சென்சோ கலிலேயி, வானியலாளர் கலிலேயோவின் தந்தை. பண்டைய கிரேக்கர்கள் ஒற்றை மெட்டால் மக்களின் உள்ளத்தை ஆண்டார்கள், இன்றைய பின்னல் இசைக்கு அந்த வலிமை இல்லை என்று 1581-இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார்.

அதன் விளைவாக ஒரே குரல் முன்னே வந்தது. அடியில் அதைத் தாங்க ஒரு கீழ்க்குரல், அதாவது பேஸ். இடைவெளியை நிரப்ப ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகைக் கருவியோ, ஆர்கனோ, லூட் என்ற நரம்புக் கருவியோ. இசையமைப்பாளர் கீழ்க்குரலை மட்டும் எழுதி, அதன்மேல் எண்களைக் குறித்துவிடுவார். எண் இல்லையென்றால் அந்த ஸ்வரத்திலிருந்து மூன்றாவதையும் ஐந்தாவதையும் சேர்த்து வாசிக்கவேண்டும். 6 என்றிருந்தால் மூன்றாவதையும் ஆறாவதையும். எப்படி விரித்து, எவ்வளவு அடர்த்தியாக வாசிப்பது என்பது வாசிப்பவர் அந்த நேரத்தில் முடிவு செய்வது. 'தொடரும் பேஸ்' என்ற பொருளில் இத்தாலியர்கள் இதை 'பாஸோ கொன்டினுவோ' என்றார்கள். ஒன்றரை நூற்றாண்டு ஐரோப்பிய இசை பெரும்பாலும் இந்த அடித்தளத்தின்மேல் நிற்கிறது. காதில் செல்லோவின் நடையும் ஹார்ப்சிகார்டின் சிணுங்கலும் சேர்ந்து விழுந்தால் பெரும்பாலும் நீங்கள் கேட்பது பரோக்.

இப்படிப் பிறந்ததுதான் பாடியே நடத்தும் நாடகமான ஓபரா. 1607-இல் மாந்துவாவில் மான்டவெர்டியின் 'ஆர்ஃபியோ' அரங்கேறியது. திருமணக் களிப்பின் நடுவே ஒரு தூதுப்பெண் மணமகளின் சாவுச் செய்தியோடு வருகிறாள். அவள் வாய் திறந்த கணத்தில் கார்டுகளின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டங்களின், நிறமே மாறிவிடுகிறது. அடுத்த ஆண்டு அவர் எழுதிய 'அரியான்னா' ஓபராவின் இசை கிட்டத்தட்ட முழுவதும் தொலைந்துபோனது. கைவிடப்பட்டவளின் புலம்பல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. முதல் அரங்கேற்றத்திலேயே கேட்டவர்களை அழவைத்த பகுதி அது. 1637-இல் வெனிஸில் காசு கொடுத்து யாரும் போகக்கூடிய முதல் ஓபரா அரங்கு திறந்தது. அரண்மனைக் கலை அங்கே ஊர்க் கலையானது.

இந்தப் புலம்பல் பாடல்களில் தொடங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, ஆங்கிலேயர் ஹென்றி பர்செல் தன் 'டைடோவும் ஈனியாஸும்' ஓபராவின் முடிவில் டைடோ அரசிக்கு எழுதிய பாடல். கர்நாடக ஸ்வரம் தெரிந்தவர்கள் அதன் பேஸை இப்போதே பாடிப் பார்க்கலாம். மேல் ஸட்ஜத்திலிருந்து அரை அரை ஸ்வரமாகக் கீழே இறங்குங்கள்: ஸ, காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம். பிறகு ஒரு முடிப்பு, மறுபடியும் ஸட்ஜம். இந்த இறக்கம் பாடல் முழுக்க மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. மேலே அரசியின் குரல் அந்தச் சுழற்சியோடு சேர்ந்து முடிவதில்லை. பேஸ் முடியும் இடத்தைத் தாண்டி அவள் வாக்கியம் நீள்கிறது, அல்லது அது முடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. கீழே தப்பமுடியாத விதி, மேலே அதனோடு மல்லாடும் ஒரு பெண். அவள் குரல் ஓய்ந்த பிறகும் இசைக்கருவிகள் அதே இறக்கத்தைத் தொடர்கின்றன. ஒளித்துவைத்த ஜன்னல் என்று முன்னால் சொன்னேனே, இங்கே அது இந்த ஆறு ஸ்வரம்.

உணர்ச்சிகளை இப்படி இனம் பிரித்துப் பார்ப்பது அந்தக் காலத்தின் பொதுவான பழக்கம். தத்துவவாதி தெகார்த் 1649-இல் வியப்பு, அன்பு, வெறுப்பு, ஆசை, மகிழ்ச்சி, துயரம் என்று ஆறு அடிப்படை உணர்ச்சிகளை வகுத்தார். இசையமைப்பாளர்களும் ஒரு பகுதிக்கு ஓர் உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு அதையே கடைசிவரை விரித்தார்கள். 'தொடங்கியதிலிருந்து ஒரே தாளத்தில் ஓடுகிறதே' என்று புதிதாகக் கேட்பவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். மனநிலை மாறவேண்டுமென்றால் அடுத்த பகுதி வரும்வரை காத்திருக்கவேண்டும்.

மாற்றம் வேறு வழியில் வரும்: பெரிய குழுவும் தனி ஆளும், உரத்ததும் மெல்லியதும் அடுத்தடுத்து நிற்கும். கொன்செர்டோ என்ற வடிவத்தின் உயிரே இந்த எதிரெதிர் நிறுத்தல்தான். காரவாஜியோவின் இருட்டும் வெளிச்சமும் இசையில் கிடைத்துவிட்டன. வெனிஸில் ஆதரவற்ற பெண் குழந்தைகளை வளர்த்த பியேத்தா இல்லத்தில் வயலின் கற்பித்த விவால்டி என்ற பாதிரியார் நூற்றுக்கணக்கில் கொன்செர்டோ எழுதினார். 1725-இல் அச்சான 'நான்கு பருவங்கள்' அவற்றில் புகழ்பெற்றது. வசந்தப் பகுதியின் மெதுவான நடையில் ஆட்டிடையன் தூங்க, அவன் நாய் குரைப்பதை வயோலா வாசிக்கும். கோடைப் பகுதியில் இடி மின்னல் வரும். இத்தாலியின் கிரெமோனாவில் அமாத்தி, ஸ்த்ராதிவாரி குடும்பங்கள் புகழ்பெற்ற வயலின்களைச் செய்ததும் இதே காலத்தில்தான்.

பாக், பிறகு தரங்கம்பாடி

1685-இல் பிறந்த யோகான் செபாஸ்டியன் பாக் ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளைவிட்டு வெளியே போனதே இல்லை. ஆனால் இத்தாலியும் பிரான்ஸும் அவர் மேசைக்கு வந்தன. விவால்டியின் கொன்செர்டோக்களைத் தன் கையால் விசைப்பலகைக்கு மாற்றி எழுதி அவற்றின் கட்டமைப்பைக் கற்றார். வின்சென்சோ கலிலேயி குறை சொன்ன அதே பல்குரல் பின்னலை, கவுண்டர்பாயிண்டை, உணர்ச்சி குறையாமல் உச்சத்துக்குக் கொண்டுபோனார்.

1727 பெரிய வெள்ளிக்கிழமையன்று லைப்சிக் நகரத்தில் முதன்முதலாகப் பாடப்பட்ட இயேசுவின் துன்பத்தையும் சாவையும் பாடும் அவரது 'மத்தேயு பாடுகள்' என்ற படைப்பில் ஒரே கீர்த்தனை மெட்டு ஐந்து முறை வருகிறது. 1601-இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் காதல் பாடலுக்குப் போட்ட மெட்டு அது. பின்னர் பவுல் கெர்ஹார்ட் சிலுவையில் தொங்கும் முகத்தைப் பாடிய வரிகள் அதில் ஏறின. பாக் மெட்டை மாற்றவில்லை. முறைக்கு முறை சுருதியையோ அடியில் உள்ள கார்டுகளையோ மாற்றுகிறார். இயேசு இறந்த உடனே வரும் கடைசி முறையில் அதே மெட்டு தரையே நழுவுவதுபோல ஒலிக்கும்.

தமிழ்நாட்டில் இந்த மெட்டைப் பலர் ஏற்கெனவே அறிவார்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்கும் அவருக்குப் பின்வந்தவர்களும், இசையமைப்பாளர் ஹாண்டெல் பிறந்த ஹாலே நகரத்தோடு தொடர்புடையவர்கள். லூத்தரன் மரபின் ஜெர்மன் கீர்த்தனைகள் அவர்கள் வழியே தமிழுக்கு வந்தன. 'இரத்தம் காயம் குத்தும்' என்று தொடங்கும் ஞானப்பாட்டு, கெர்ஹார்ட் எழுதிய அந்தப் பாடலின் தமிழ் வடிவம். மேற்குக் கரையில் கத்தோலிக்கப் பரோக் வேறு வழியில் வந்து சேர்ந்தது. கோவாவின் போம் ஜீசஸ் பேராலயத்தில் பிரான்சிஸ் சவேரியாரின் உடலைத் தாங்கும் பளிங்கு மேடை ஃபுளோரன்ஸ் சிற்பி ஃபொஜ்ஜினி செய்தது. டஸ்கனியின் கோமகன் மூன்றாம் கோசிமோ அனுப்ப, 1698-இல் அங்கே நிறுவப்பட்டது. கடல் கடந்த இந்தப் பயணத்தில் வணிகமும் குடியேற்ற ஆதிக்கமும் உண்டு. ஸ்பெயினின் தேவாலயங்களில் மின்னிய வெள்ளி, தென் அமெரிக்கச் சுரங்கங்களில் கட்டாய உழைப்பால் எடுக்கப்பட்டது. பரோக்கைப் பாராட்டும்போது இதை விட்டுவிடக்கூடாது.

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுவை மாறியது. தெளிவு, எளிமை, அளவு என்று பேசிய புதிய தலைமுறைக்கு இதெல்லாம் மிகையாகத் தோன்றியது. பாக் வாழ்ந்தபோதே, 1737-இல், அவர் இசை குழப்பமானது என்று ஒரு விமர்சகர் எழுதிவிட்டார். அவர் இறந்து எழுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1829-இல், இருபது வயது மெண்டெல்சோன் பெர்லினில் 'மத்தேயு பாடுகளை' மறுபடியும் மேடையேற்றிய பிறகுதான் பெரும்பாலோர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓவியத்திலும் கட்டடக் கலையிலும் பரோக்குக்கு மரியாதை மீள 1888-இல் கலை வரலாற்றாளர் வோல்ஃப்லின் எழுதவேண்டியிருந்தது. காரவாஜியோ 20-ஆம் நூற்றாண்டில்தான் முழுமையாகத் திரும்பினார்.

எங்கே தொடங்குவது? படங்களில் முதலில் மத்தேயுவின் அழைப்பு, பிறகு பெர்னினியின் தாவீதைப் பல கோணங்களில் எடுத்த படங்கள், பிறகு ரெம்பிராண்டின் கடைசிக்காலத் தன்னுருவப் படங்கள். இசையில் டைடோவின் புலம்பல், விவால்டியின் கோடை, பிறகு பாக்கின் பிராண்டன்பர்க் கொன்செர்டோக்களில் ஏதாவது ஒன்று. 'மத்தேயு பாடுகள்' கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும், அதற்கு அவசரமில்லை. ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். முதல் முறை மேலே ஓடும் மெட்டை விட்டுவிட்டு அடியில் நடக்கும் பேஸை மட்டும் பின்தொடருங்கள், இரண்டாம் முறை இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.